கஸ்டம்ஸ், குடிவரவு அதிகாரிகளுக்கும் பொலிஸ் அதிகாரம்: நம் ஆட்கள் விடுகிற தவறுகள்

போன மாதம் மல்லாவியில் இருந்து ஒரு அம்மா, கைபேசியைக் கையில் பொத்திப் பிடித்தபடி வந்தார். லண்டனில் இருக்கிற மகனைக் குடிவரவு அதிகாரிகள் கொண்டுபோய் மூன்று நாள். "இப்ப அவங்களுக்கும் பொலிஸ் சட்டம்தானாம் தம்பி. 24 மணித்தியாலத்துக்கு மேலே வைச்சிருக்க ஏலாதாம். பிறகேன் இன்னும் விடேல்லை?"

அவர் கேள்விப்பட்டதில் பாதி சரி. பொலிஸ் எப்படிச் சோதனையிடலாம், கைது செய்யலாம், விசாரிக்கலாம் என்று அங்கே 1984 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. சுங்கத்துக்கு அது 1985 இலேயே வந்துவிட்டது. 2013 யூன் 25 முதல் குடிவரவு அதிகாரிகளுக்கும் உள்துறை அமைச்சின் கீழ் எல்லையில் நிற்கிற சுங்க அதிகாரிகளுக்கும் நீட்டினார்கள். ஆனால் அது குற்ற விசாரணைக்கு மட்டும். விசா முடிந்த ஒருவரை மறித்து வைப்பது 1971 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கீழ். அங்கே இந்த 24 மணித்தியாலக் கணக்கு இல்லை.

மகனுக்குக் கொடுத்த தாளை வாசிக்கச் சொன்னோம். 1971 என்றுதான் இருந்தது. விடுவார்கள் என்று காத்திருந்த அந்த மூன்று நாளில், குடிவரவுத் தீர்ப்பாயத்தில் பிணை கேட்க ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் என்பது.

அடுத்தது, "ஒன்றும் கதைக்காதே" என்று பிள்ளைக்குப் புத்தி சொல்வது. "நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை" என்று தொடங்கும் எச்சரிக்கையை அதிகாரி வாசித்தால் அது குற்ற விசாரணை. இலவசச் சட்டத்தரணியைக் கேட்கலாம், அவர் வரும்வரை பேசாமல் இருக்கலாம். விமான நிலையத்தில் நுழைவு அனுமதிக்காகக் கேட்கிற சாதாரணக் கேள்விகள் வேறு. அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று, இந்த 1984 சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்தில் இருக்கிற பிள்ளைக்கு இதை அப்படியே சொல்லக் கூடாது.

சரி, லண்டன் கதையைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொண்டுவருவதுதான் எனக்கு மிகவும் பயமான தவறு. "பொலிஸில குடுத்த வாக்குமூலம் கோட்டில எடுபடாது" என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதலைப் பொதுவாக வழக்கில் எதிராகக் காட்ட விடாது. வன அதிகாரியிடமும் மதுவரி அதிகாரியிடமும் அவரவர் சட்டக் குற்றங்கள் பற்றிச் சொன்னதற்கும் அந்தக் காப்பு உண்டு. மரம் ஏற்றிப் பிடிபட்டவருக்கு அது உதவும். சுங்க அதிகாரி அந்தப் பிரிவில் இல்லை. நகையோ மஞ்சளோ பிடிபட்டு, சுங்கத்தில் நீங்கள் கையெழுத்து வைத்த வாக்குமூலம் உங்களுக்கு எதிராகவே வரலாம். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியதென்றால் 24 ஆம் பிரிவைக் காட்டி எதிர்க்கலாம், ஆனால் அது நீதிமன்றத்தில் இழுபடுகிற வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, நித்திரை இல்லாமல் வந்து இறங்கிய விடியற்காலையில், சிங்களத்தில் எழுதிய மூன்று பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டான். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்டும் செய்யாவிட்டால், கையெழுத்துக்கு மேலே "வாசித்து விளங்கப்படுத்தவில்லை" என்று உங்கள் கையால் தமிழில் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போடுங்கள்.