பக்கத்துத் தெரு உணவகத்துக்கு மறுவாய்ப்பு அளிப்பது எப்படி?

ஒருமுறை சாப்பாடு சரியில்லை என்பதற்காகத் தெருமுனை உணவகத்தை அடியோடு ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கேஸ் தீர்ந்துபோன காலையிலும், உறவினர்கள் சொல்லாமல் வந்து இறங்கும் இரவிலும் கைகொடுப்பது அந்தக் கடைதான் என்பதால், இன்னொரு முறை போய்ப் பார்ப்பதில் நமக்கே ஆதாயம் உண்டு.

முதலில் நடந்த குறை எத்தகையது என்று பிரித்துப் பாருங்கள். உப்புக் கூடியது, தோசை தீய்ந்தது, பார்சலில் சட்னி வைக்க மறந்தது, சப்ளையர் முகம் கொடுத்துப் பேசாதது போன்றவை பொறுத்துக்கொள்ளத் தக்கவை. கெட்டுப்போன இறைச்சியும், திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்து நுரைக்கும் எண்ணெயும் அப்படியல்ல. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. இத்தகைய கடைக்கு மறுவாய்ப்புத் தேவையில்லை. பில்லில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) எண்ணைக் குறித்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் அளிப்பதே முறை. 2022 ஜனவரி 1 முதல் அந்த எண்ணைப் பில்லில் அச்சிடுவது கட்டாயம்.

அடுத்து, குறைக்குக் காரணம் என்ன என்று விசாரியுங்கள். சேலத்துச் சிறிய உணவகங்களில் ருசி பெரும்பாலும் கல்லாவில் இருப்பவரிடம் இல்லை. அடுப்படியில் நிற்கும் மாஸ்டரிடம் இருக்கிறது. அவர் வேறு கடைக்கு மாறியிருந்தாலும், முகூர்த்த நாளில் கல்யாணச் சமையலுக்குப் போயிருந்தாலும், அன்றைக்குக் கல்லில் நின்றவர் நேற்றுவரை பாத்திரம் கழுவியவராகக்கூட இருக்கலாம். "பழைய மாஸ்டர் இருக்காருங்களா?" என்று பக்கத்து டீக்கடையில் கேட்டாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். ஆடித் திருவிழாவின்போது கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளையும், சனி ஞாயிறுகளிலும் கோடை விழா நாள்களிலும் ஏற்காட்டு உணவகங்களையும் எடைபோடுவது நியாயமாகாது. கூட்டத்தைச் சமாளிப்பதே அன்று அவர்களுக்குப் பெரும்பாடு. பிரியாணிக் கடையாக இருந்தால் புரட்டாசியைத் தவிருங்கள், ஏனெனில் விற்பனை மந்தமான மாதத்தில் சரக்குத் தேங்க வாய்ப்பு அதிகம். முகூர்த்தம் இல்லாத செவ்வாய் அல்லது புதன்கிழமை போதும்.

டிபன் கடைக்குக் காலை ஏழரை மணிவாக்கில் செல்வது நல்லது. பத்து மணிக்குமேல் தேங்காய்ச் சட்னி புளிக்கத் தொடங்கியிருக்கும்; சாம்பாரும் தண்ணீர் விட்டு விளாவப்பட்டிருக்கும். அடுப்படி தெரியும்படி உட்கார்ந்துகொண்டு சட்னி வாளியைக் கவனியுங்கள். வாளியின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய சட்னியின்மேலேயே புதியதை ஊற்றுகிறார்களா, அல்லது வாளியைக் கழுவித் துடைத்துவிட்டு ஊற்றுகிறார்களா என்பது, கடை திருந்தியிருக்கிறதா என்பதைச் சுவரில் மாட்டிய புதுப் பெயர்ப்பலகையைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். (புதிதாகப் பூசிய சுண்ணாம்பை நான் ஒருபோதும் திருத்தமாகக் கணக்கில் எடுப்பதில்லை.)

சென்ற முறை எது சரியில்லையோ அதையே மறுபடி கேளுங்கள். அதனுடன் இரண்டு இட்லியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மசாலாவோ நெய்யோ போட்டு மூடி மறைக்க முடியாத பண்டம் அது, மாவின் பக்குவம் விண்டதுமே தெரிந்துவிடும். பத்துப் பேரைக் கூட்டிச் செல்லாமல், வீட்டில் ஒருவரை மட்டும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பழைய குறையை உட்கார்ந்தவுடனேயே, குரலை உயர்த்தாமல் சொல்லிவிடுவது நல்லது. "போன தடவை குருமா புளிச்சுப் போயிருந்ததுங்கண்ணா, இன்னைக்குப் பாத்துக் குடுங்க" என்றால் போதும். அடுத்த மேசைக்குக் கேட்கும்படி சொன்னால் திருத்தம் வராது, வாக்குவாதம்தான் வரும். இதற்கு அவர் தரும் பதிலையும் கவனிக்க வேண்டும். "அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்று தட்டிக்கழிப்பவரைவிட, உள்ளே போய்க் குருமாவைத் தானே ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்ப்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இரண்டாம் முறையும் அதே குறை என்றால், அடுத்த கடையைப் பார்க்கலாம். நன்றாக இருந்தால் காசு கொடுக்கும்போதே கல்லாவில் சொல்லிவிடுங்கள். முன்பு கோபத்தில் கூகுள் மேப்பில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தால் அதையும் திருத்துங்கள். பழைய குறையை அழிக்காமல், எந்த மாதம் போனபோது எது சரியாகியிருந்தது என்பதை அதன்கீழ் இரண்டு வரியில் சேர்த்தால் போதும்.