ஓட்டுக் கேட்காமல் வீடு வீடாகப் போவது எப்படி?

தேர்தல் நெருங்கும்போது கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வரும் முதல் கேள்வி, "எந்தக் கட்சி?" என்பதுதான். "கட்சி இல்லைங்க, லிஸ்ட்ல உங்க பேரு இருக்கான்னு பார்க்க வந்தோம்" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "இதுல உங்களுக்கு என்ன லாபம்?" இந்த இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி படிவங்கள். கட்சி சாராத உள்ளூர்க் குழு ஒன்றில் சேர்ந்து வாக்காளர்களுக்கு உதவ வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் பதிவான வாக்கு 69.72 சதவீதம். தருமபுரி 81ஐத் தாண்டியது. மத்திய சென்னை 54ஐக்கூடத் தொடவில்லை. உடனே "சிட்டிக்காரனுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் தெருவில் இறங்கிப் பார்த்தால் வேறு கதையும் தெரியும். வாடகை வீடு மூன்று முறை மாறியவரின் பெயர் முதல் வீட்டிலேயே கிடக்கும். காலமானவர் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். இருபது வயதுப் பெண் பட்டியலிலேயே இருக்கமாட்டாள். இவர்களிடம் போய் "வாக்களிப்பது நம் கடமை" என்று பேசி என்ன ஆகப் போகிறது? அதனால் நான் மேடைப் பேச்சை விட்டுவிட்டேன். பட்டியல்தான் நம் வேலை, அதுவும் தேர்தல் தேதி அறிவிப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே.

குழுவை விசாரித்துச் சேருங்கள்

"நாங்கள் நடுநிலை" என்று எல்லாரும்தான் சொல்வார்கள். சேருவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது கட்சிப் பதவியில் இருக்கிறார்களா? பணம் எங்கிருந்து வருகிறது? வீடு வீடாகப் போய் எடுக்கும் விவரங்கள் யாரிடம் போய்ச் சேர்கின்றன? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அடுத்த குழுவைப் பாருங்கள். வாக்காளர்களின் கைப்பேசி எண்களுக்குத் தேர்தல் நேரத்தில் தனி மதிப்பு உண்டு.

உங்களுக்கென்று கட்சி விருப்பம் இருப்பது தவறில்லை, எனக்கும் உண்டு. களத்தில் இருக்கும் நேரத்தில் அது வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். கரை வேட்டி கட்டக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் முதல் நாள் படிவங்களை எடுத்துப் போக வீட்டில் கிடந்த ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எப்போதோ அரசுத் திட்டத்தில் வந்த பை. நான்கு வீட்டில் சரியாகப் பேச்சுக் கொடுக்கவில்லை. ஐந்தாவது வீட்டு அக்கா பையைக் காட்டி, "கட்சி இல்லைன்னு சொல்றீங்க, தலைவரைத் தோள்ல மாட்டிட்டு வந்திருக்கீங்களே தம்பி" என்றார். பையில் இருந்த முகத்தை நான் கவனிக்கவே இல்லை. அன்று முதல் சாதாரணத் துணிப்பைதான். சட்டை நிறம், வாட்ஸ்அப் முகப்புப் படம், வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் பெயரைத் தேடிப் பழகுங்கள்

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் வாக்காளர் அட்டை எண்ணை வைத்தும் தேடலாம், பெயர், வயது, உறவினர் பெயர் வைத்தும் தேடலாம். முதலில் உங்களுடையதைத் தேடுங்கள். தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல். அடுத்து வீட்டில் உள்ளவர்கள், அதன்பின் பக்கத்து வீடு. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில், பட்டியலையே வீடு வீடாகச் சரிபார்த்துப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அதனால் "போன தடவை போட்டேனே" என்பதை யாரும் ஆதாரமாகக் கொள்ள முடியாது.

அட்டை எண் இருந்தால் அதை வைத்தே தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் எழுத்து விளையாடிவிடும். ஒரு பாட்டி பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அட்டையைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார்.

"எல்லா எலெக்ஷன்லயும் போட்டிருக்கேன் கண்ணு. இதையெல்லாம் எதுக்குப் பார்க்கறே?"

"ஒரு நிமிஷம் பாட்டி, பார்த்துட்டுக் குடுத்துடறேன்."

முத்துலட்சுமி என்று தேடினேன், வரவில்லை. அட்டை எண்ணைப் போட்டதும் வந்தது. பட்டியலில் முத்துலெட்சுமி. அதைவிட முக்கியம், அவர் வழக்கமாகப் போகும் பள்ளிக்கூடம் அதில் இல்லை. பாகம் பிரிந்ததில் இரண்டு தெரு தள்ளி இன்னொரு பள்ளிக்குப் போயிருந்தது. தெரியாமல் வெயிலில் பழைய பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், அங்கே பெயர் இல்லை என்றதும் திரும்பி வந்திருப்பார். இன்னொரு முறை கிளம்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பெயர் இல்லை என்று முடிவு கட்டும் முன் கதவு எண்ணையும் பாருங்கள். பழைய எண், புதிய எண் குழப்பத்தில் ஒரே குடும்பம் இரண்டு வீட்டில் சிதறிக் கிடப்பது நம் ஊரில் சகஜம். இன்னொன்று, அட்டை கையில் இருப்பதால் மட்டும் ஓட்டுப் போட முடியாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

படிவங்களில் 6, 8 இரண்டையும் கரைத்துக் குடியுங்கள்

படிவம் 6 முதல்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது முடிந்திருக்க வேண்டும் என்ற ஒரே கணக்குதான். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

படிவம் 8 வீடு மாறியவர்களுக்கு, தொகுதியே மாறியிருந்தாலும் இதுதான். பெயர், வயது, புகைப்படத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாமே இதே படிவம். இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். மதுரையில் பெயர் இருப்பவர் கோவைக்குக் குடிவந்ததும் புதிதாகப் படிவம் 6 போட்டுவிடுவார். இரண்டு இடத்தில் பெயர் வந்துவிடும். வேறெங்கும் பெயர் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத்தான் அந்தப் படிவத்தைத் தருகிறோம்; 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஆகவே யாரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி எங்கயாவது ஓட்டுப் போட்டிருக்கீங்களா?"

படிவம் 7 பெயர் நீக்கத்துக்கு. அதை நீங்கள் தொடவே வேண்டாம். இறந்தவர் பெயரை நீக்கக் குடும்பத்தாருக்கு வழி சொல்லுங்கள், போதும். அடுத்தவர் பெயரை நீக்கச் சொல்லித் தன்னார்வலர் எழுதிக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்தத் தெருவில் உங்கள் குழு மறுபடி நுழைய முடியாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ இருக்கிறது.

வீடே இல்லாதவர்கள் விஷயத்தில் முகவரிச் சான்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நடைபாதையில் படுப்பவர்களுக்கு முகவரி ஆவணம் தேவையில்லை. படிவத்தில் சொன்ன இடத்தில் அவர் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும் என்பதே விதி. இதைச் சொன்னால் அவர்களே நம்புவதில்லை.

ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

ஆர்வத்தில் தொகுதி முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள், இரண்டே வாரத்தில் ஓய்ந்துவிடுவார்கள். ஒரு பாகத்தில் ஆயிரம் பேர் அளவில் இருப்பார்கள். ஒரு ஆளுக்கு அதுவே தாராளம். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பாகம் வாரியாகப் பட்டியலைத் தரவிறக்கலாம்.

கையோடு அந்தப் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் போய்ப் பாருங்கள். பி.எல்.ஓ. என்றால்தான் தெருவில் தெரியும். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இதையும் சுமப்பவர். "மேடம், நாங்க தகவல் மட்டும்தான் சொல்வோம், படிவம் உங்ககிட்டதான் வரும்" என்று சொல்லுங்கள். அவரிடம் அதிகாரியைப் போலப் பேசாதீர்கள். அவர் ஒத்துழைத்தால் ஒரு போன் பேச்சில் முடிவது, இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

"படிவம் உங்ககிட்டதான் வரும்" என்பதற்குக் காரணம் இருக்கிறது. தனி நபரோ அமைப்போ மொத்தமாகக் கட்டுக்கட்டிக் கொண்டுவரும் விண்ணப்பங்களை அலுவலகத்தில் ஏற்கக்கூடாது. ஒருவர் தன்னுடையதையும் தன் குடும்பத்தாருடையதையும் சேர்த்துத் தரலாம். எனவே முகாம் போட்டு நூறு படிவம் வாங்கி ஒரே ஆளாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். அவரவர் கைப்பேசியில் அவரவரே விண்ணப்பிக்கட்டும்; நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், விண்ணப்ப எண்ணை அவரையே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடிபியை வாய்விட்டுச் சொல்ல வருவார்கள், தடுத்து நிறுத்துங்கள். ஆதாரைப் படம் எடுத்து உங்கள் போனில் வைக்காதீர்கள். உங்கள் நோட்டில் கதவு எண்ணும் "6 போட வேண்டும்", "8 போட வேண்டும்" என்ற குறிப்பும் போதும்.

வாசலில் என்ன பேசுவது

நான் சொல்வது இவ்வளவுதான்: "வணக்கம்மா. வாக்காளர் லிஸ்ட்ல பேர் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்ற குழுவிலிருந்து வர்றோம். கட்சி இல்லை, ஓட்டுக் கேட்க வரலை. வீட்ல பதினெட்டு ஆனவங்க யாராவது புதுசா இருக்காங்களா?" கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் கதவு முழுதாகத் திறக்கும்.

"யாருக்குப் போடலாம், நீயே சொல்லு" என்று உண்மையாகவே கேட்பவர்கள் உண்டு. சிரித்து நழுவாமல், "அதைச் சொல்லக்கூடாதுன்னுதான் எங்க குழுவுல சேர்த்துக்கிட்டாங்க" என்றுவிடுவேன். வேட்பாளர் பற்றிக் கேட்டால் அவர்கள் தாக்கல் செய்யும் சொத்து, வழக்கு விவரப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்திலேயே இருப்பதைக் காட்டலாம். படித்து விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். எதை அழுத்திப் படிக்கிறோம் என்பதிலேயே கட்சி வந்துவிடும். "எவனும் சரியில்லை" என்பவரிடம் 2013 முதல் நோட்டா இருக்கிறது என்று ஒரு வரி சொல்லலாம், அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

தேதி அறிவித்த பிறகு

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலில் பெயர் சேர்ப்பு நின்றுவிடும். விண்ணப்பத்தைச் சரிபார்க்க நாள் பிடிக்கும் என்பதால் பத்து நாளாவது முன்னதாக முடித்துவிட வேண்டும். அதன்பின் வருபவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி தரலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் தர வேண்டும் என்பதால் யார் யார் என்று முன்பே குறித்து வைத்திருங்கள். கவனம்: வீட்டில் வாக்களிக்க ஒப்புக்கொண்டவர் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது. சாவடிக்குப் போவதையே திருவிழாவாக நினைக்கும் தாத்தாக்களைக் கேட்காமல் மகன் எழுதிக் கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வாக்காளர் அட்டை தொலைந்திருந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டிப் போடலாம். பூத் சிலிப் மட்டும் கொண்டுபோனால் செல்லாது.

வாக்குப்பதிவு நாள்

சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிப்பு மட்டுமல்ல, தேர்தல் தொடர்பான அறிவிப்புப் பலகை காட்டுவதும் குற்றம். "வாக்களியுங்கள்" என்ற பதாகையாக இருந்தாலும் வெளியிலேயே வையுங்கள். பணம் கொடுப்பதைப் பார்த்தால் நீங்களே போய்ச் சண்டை போடாமல் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார் வசதியில் படத்தோடு புகார் அனுப்புங்கள். போட்டுவிட்டு வருபவரிடம் "யாருக்கு?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள்.

மாலையில் ஒரு வேலை இருக்கிறது. நேரம் முடியப்போகிறது என்று வரிசையிலிருந்து விலகிப் போகப் பார்ப்பவர்களை நிறுத்துங்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அலுவலர் சீட்டுக் கொடுப்பார், கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கி. அதன்பின் எத்தனை மணி ஆனாலும் அவர்கள் போடலாம்.

மறுநாள் நோட்டைத் திறந்து கதவு எண்கள் உள்ள பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம், எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் இன்னும் 17இல் இருக்கிறார்கள் என்று எழுதியதை. அடுத்த தகுதி நாளுக்கு முன் அந்தத் தெருக்களுக்கு இன்னொரு நடை போக வேண்டியிருக்கும்.