கடற்காற்று வீட்டில் மரத்தளம்: எந்த ஸ்க்ரூ ஆணி, எந்த மெஷின்?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மெரின் டிரைவும் ரயில் பாதையும் மட்டும்தான். மொட்டை மாடியில் பத்தடிக்கு எட்டடியாகத் தேக்குப் பலகை அடித்து, மாலையில் காற்று வாங்க உட்காரலாம் என்று ஆசைப்பட்டேன். முதல் தடவை மஞ்சள் பூச்சுள்ள சாதாரண ஸ்க்ரூ ஆணிகளைப் போட்டேன். ஒரு மழைக்காலம் போனதும் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மை கொட்டினாற்போலக் கறுப்பு. கழற்றப் போனால் பாதி ஆணிகளின் தலை வழுகியது, மீதி முறிந்தது. பார்க்க வந்த ஓடாவியார், "தம்பி, பலகைக்கு அவ்வளவு காசு குடுத்துப்போட்டு ஆணிக்குக் கணக்குப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் கடைக்குப் போகும்போது ஆணி முடுக்கும் மெஷினை விட்டுவிட்டு ஆணியிலிருந்து தொடங்குங்கள்.

1. உலோகம்

மரத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வித்தைதான் உங்கள் பலகையிலும் நடக்கிறது. மஞ்சள் ஆணியின் துத்தநாகப் பூச்சு கொஞ்சக் காலம் தடுக்கும். ஆனால் அது மிக மெல்லியது, மெஷினில் மாட்டுகிற முனையான பிட் உரசினாலே தலையில் போய்விடும். ஜிப்சம் பலகைக்கு அடிக்கிற கறுப்பு ஆணி மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்க்காதீர்கள். அது வீட்டுக்குள் பாவிக்கிற சாமான், வெளியில் துருப்பிடிக்கும், பலகை அசைந்தால் சட்டென்று உடையும்.

வெளியில் போடுவதற்குத் துருப்பிடிக்காத உருக்கு வேண்டும். அதிலும் தரம் உண்டு. 304 என்பது கடலிலிருந்து தள்ளியிருக்கிற வீடுகளுக்குப் போதும். 316-இல் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் விலை கூடினாலும் 316-ஐயே வாங்குங்கள். பெட்டியில் 304-க்கு ஏ2 என்றும், 316-க்கு ஏ4 என்றும் போட்டிருக்கும். 410 என்றும் ஒன்று உண்டு. கடினமானது, ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்.

பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போகும்போது ஒரு காந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆணி இறுக்கமாக ஒட்டினால் அது சாதாரண இரும்பு அல்லது 410. 304-உம் 316-உம் ஒட்டாது, அல்லது லேசாக இழுபடும். இவை இரண்டையும் காந்தம் பிரித்துக் காட்டாது, அதற்குப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

2. அளவு

ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஆணி, தடிப்பில் 8-ஆம் நம்பர். பலகை போக ஒன்றரை அங்குலம் கீழ்ச்சட்டத்தைப் பிடிக்கும். மொட்டை மாடியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சட்டம் இரண்டு அங்குலமாவது தடித்திருக்கட்டும். இல்லாவிட்டால் ஆணியின் நுனி கீழே வந்து கொங்கிரீட்டின் நீர்காப்புப் பூச்சைக் குத்தும், பிறகு கீழ் வீட்டுக்காரரோடு சண்டைதான்.

எண்ணிக்கை: நாலு அங்குலப் பலகை, கால் அங்குல இடைவெளி என்றால் எட்டடிக்கு 23 பலகை. பத்தடி நீளத்துக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சட்டமாக 9 சட்டம். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு ஆணி, ஆக 414. நான் 450 வாங்கினேன்.

3. தலை

கடையில் "ஸ்டார்" என்று கேட்டால் பிளஸ் குறிபோட்ட பிலிப்ஸ் தலையைத்தான் தருவார்கள். அதில் பிட் வழுகி வெளியே எகிறும். ஆறு முனையுள்ள டோர்க்ஸ் அல்லது சதுரக் குழியுள்ள தலை கிடைத்தால் அதையே எடுங்கள். அதற்குப் பொருந்தும் பிட்டையும் அங்கேயே போட்டுப் பாருங்கள், ஆடக்கூடாது.

4. மெஷின்

ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால், கழுத்தில் எண் வளையம் உள்ள பற்றரி டிரில் மெஷின். அந்த வளையம்தான் கிளட்ச். சிறிய எண்ணில் தொடங்கி, ஆணித்தலை பலகை மட்டத்துக்கு வரும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். தட்டித் தட்டி முடுக்குகிற இம்பெக்ட் டிரைவர் வேகமானது, கைக்கும் சுகம். ஆனால் 304, 316 ஆணிகள் மென்மையானவை. வைரம் பாய்ந்த மரத்தில் டக்கு டக்கென்று அடிக்கும்போது கழுத்தோடு முறிந்துவிடும். அதனால் முதல் தடவை செய்பவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். வயர் மெஷினை மழைக்காலத்தில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

5. அடிக்கிற முறை

கழிவுத் துண்டில் நாலைந்து ஆணி அடித்துப் பாருங்கள். பிறகு பலகையின் ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம், முனையிலிருந்து ஒரு அங்குலம் விட்டுக் குறியிடுங்கள்.

துளை இரண்டு அளவில் போட வேண்டும். பலகையில் 4.5 மில்லிமீற்றர், ஆணி தாராளமாகப் போகட்டும். சட்டத்தில் 3 மில்லிமீற்றர், மரை அங்கேதான் பிடிக்க வேண்டும். பலகையிலும் மரை பிடித்தால் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சந்து நின்றுவிடும், எவ்வளவு இறுக்கினாலும் போகாது. தலை உட்கார மேல்வாயைக் கூம்பு பிட்டால் லேசாக அகட்டுங்கள்.

மரையைச் சவர்க்காரக் கட்டியில் ஒருதரம் உரசிவிட்டு, மெஷினை ஒன்றாம் கியரில் வைத்து மெதுவாக இறக்குங்கள். சூடேறினால் நிறுத்துங்கள். தலை பலகை மட்டத்தோடு நிற்கட்டும். உள்ளே புதைந்தால் அந்தக் குழியில் மழைநீர் தேங்கும். கடைசி அரைச் சுற்றை நான் கையாலேயே இறுக்குகிறேன், ஓடாவியார் சிரிப்பார், பரவாயில்லை.

அப்புறம், முடிந்ததும் சுத்தம் செய்ய இரும்புக் கம்பித் தூரிகையை எடுத்துவிடாதீர்கள். அதிலிருந்து உதிரும் இரும்புத் தூள் 316 ஆணியின் மேலும் துருப்புள்ளி போடும். தும்புத்தடி போதும்.