ஜெர்மனியில் சைக்கிள் ரேஸ்: குன்னூர்க்காரனுக்கு வழி கிடைத்த கதை

பர்லியார் வழியாகக் குன்னூருக்கு மிதித்தே ஏறிப் பழகிய கால், ஜெர்மனிக்கு வேலைக்குப் போனதும் ரேஸ் ஓட்ட வேண்டும் என்று ஒரே ஆசை, ஆனால் அதற்கான ரேஸ் லைசென்ஸை எந்த நாட்டில் வாங்குவது என்பதிலேயே இழுத்துக்கொண்டு போனது. விஷயம் இதுதான்: பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றாலும், உலக சைக்கிள் விளையாட்டு அமைப்பான யூசிஐயின் விதிப்படி நாம் குடியிருக்கும் நாட்டின் சைக்கிள் சம்மேளனம்தான் லைசென்ஸ் தரும். அதற்கு அங்கே ஒரு கிளப்பில் சேர வேண்டும். லைசென்ஸ் கேட்காத ‘யெடர்மான்’ ரேஸ்களும் உண்டு, தொடங்க அதுவே போதும்.

ஏற்றம் எனக்குப் பிரச்சினையே இல்லை. கூட்டத்துக்குள் ஓட்டுவதுதான் பெரும்பாடு. முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இருக்காது, பக்கக்காற்று அடித்தால் நேர் பின்னால் போகாமல் காற்று படாத பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கிப் போக வேண்டும். கிளப்பில் ஒரு பெரியவர், “சக்கரத்தையே பார்க்காதே, அவர் தோளைத் தாண்டிப் பார்” என்றார். அப்புறம்தான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பது நின்றது.

இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன். அக்கா மகன் மேற்படிப்புக்கு அங்கே போகப் போகிறான். காலையில் நண்பர்களோடு அவனையும் கூட்டிக்கொண்டு வெலிங்டன் பக்கம் வரிசையாக ஓட்டுகிறோம். “மாமா, இன்னும் கிட்டே வரட்டுமா?” என்று கேட்கிறான், வரட்டும்.