'டேக் ஆஃப்' என்று சொல்லும்போது எங்கே தவறுகிறோம்?

லீவு கேட்டு மேலாளருக்கு எழுதும்போது "ஐ ஆம் டேக்கிங் ஆஃப் டுமாரோ" என்று எழுதுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். படிப்பவர் ஆங்கிலம் பேசியே வளர்ந்தவர் என்றால், 'நாளைக்குக் கிளம்புகிறேன்' என்று புரிந்துகொள்ளக்கூடும். லீவு என்று குழப்பமில்லாமல் புரிய வேண்டுமானால் 'டுமாரோ' நடுவில் வர வேண்டும்: "ஐ ஆம் டேக்கிங் டுமாரோ ஆஃப்." அதே சொற்கள்தான், ஒன்று மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

இந்த வினையில் நாம் தடுமாறுவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். செயப்படுபொருள் இருக்கிறதா, இருந்தால் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

செயப்படுபொருள் இல்லை என்றால், விமானம் மேலே ஏறுவது, ஒருவர் சட்டென்று கிளம்பிப் போவது, வியாபாரம் சூடுபிடிப்பது என்று பொருள் போகும். "தி பிளேன் டுக் ஆஃப்" சரி. "தி பைலட் டுக் ஆஃப்" என்பதும் சரி. ஆனால் "தி பைலட் டுக் ஆஃப் தி பிளேன்" என்று சொல்லக் கூடாது. விமானத்தை எதிலிருந்தோ கழற்றி எடுத்தது போல ஆகிவிடும். தமிழில் 'கிளம்பியது', 'கிளப்பினார்' என்று வினையே வேறாகி நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வினைக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

செயப்படுபொருள் வந்துவிட்டால் கழற்றுவது, நீக்குவது, குறைப்பது. செருப்பு, சட்டை, பாத்திரத்தின் மூடி, முகத்தில் போட்ட மேக்கப் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். கடைக்காரர் விலையில் 50 ரூபாய் குறைத்தால் "ஹி டுக் ஃபிஃப்டி ருபீஸ் ஆஃப் தி பிரைஸ்." "டேக் ஆஃப் யுவர் ஷூஸ்", "டேக் யுவர் ஷூஸ் ஆஃப்" இரண்டுமே சரி. ஆனால் ஷூவுக்குப் பதில் 'தெம்' வந்தால் "டேக் தெம் ஆஃப்" மட்டும்தான். "டேக் ஆஃப் தெம்" பிழை. நன்றாக எழுதும் மாணவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள்.

அப்புறம், நம் 'எடு' செய்யும் வேலை. பல்லையும் எடுக்கிறோம், சட்டைப் பையிலிருந்து பணத்தையும் எடுக்கிறோம். இவை உள்ளே இருப்பவை, ஆகவே டேக் அவுட். மேலே இருப்பதை நீக்கினால்தான் டேக் ஆஃப். மூக்குக்கண்ணாடிக்கு ஆஃப், கான்டாக்ட் லென்ஸுக்கு அவுட் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினால் டேக் டவுன்.

"ஆஃப் தி ஃபேன்" என்பதும் வீட்டுக்கு வீடு கேட்கிறது. 'ஆஃப்' தனியாக அந்த வேலையைச் செய்யாது. டர்ன் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப் என்று முன்னால் ஒரு வினை வேண்டும்.

கழற்றியதைத் திரும்பப் போடும்போது "வேர் யுவர் ஷூஸ்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அங்கே வர வேண்டியது 'புட் ஆன்'. 'போட்டுக்கொள்' என்றால் புட் ஆன், 'போட்டிருக்கிறேன்' என்றால் வேர்.