குர்தி சைஸ்: லேபிளை விடுங்கள், டேப்பை எடுங்கள்

ஒரு கடையில் எம் கச்சிதமாக இருக்கிறது. அடுத்த கடையில் எல் போட்டும் அக்குளில் பிடிக்கிறது. ஆன்லைனில் வரவழைத்த எக்ஸெல் தொளதொளவென்று தொங்குகிறது. இதற்காக உடம்பை நொந்துகொள்ள வேண்டியதில்லை. எம், எல் என்ற எழுத்துக்கு எத்தனை அங்குலம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது.

பொது அளவுமுறை ஒன்று வந்தால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. அமெரிக்காவில் 1939–40இல் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். அந்தக் கணக்கை வைத்து 1958இல் ஒரு தரநிலையும் வெளியிட்டார்கள். நிறுவனங்கள் அதை ஒட்டி நடக்கவில்லை. 1983இல் அது திரும்பப் பெறப்பட்டது. நம் ஊரில் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 25,000க்கும் அதிகமானவர்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து இந்திய அளவு அட்டவணை தயாரிக்கும் திட்டத்தை எடுத்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்த மாதம் வாங்கப்போகும் குர்திக்கு ஓர் இன்ச் டேப்பும் கொஞ்சம் கூட்டல் கணக்கும்தான் உதவும்.

எந்த 38?

நம் ஊர்க் குர்திகளில் பரவலாக இருக்கும் வரிசை இது: எஸ் 36, எம் 38, எல் 40, எக்ஸெல் 42, டபுள் எக்ஸெல் 44. இந்த 38 எதன் அளவு? சில நிறுவனங்களில் அது தைத்து முடித்த குர்தியின் மார்புச் சுற்றளவு. அதாவது 36 அங்குல மார்பு உள்ளவருக்கானது. வேறு சில நிறுவனங்களில் உடம்பின் அளவே 38. அந்தக் குர்தியை அளந்தால் 40, 41 இருக்கும். லேபிளில் இரண்டும் ஒன்றுதான், துணியில் இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசம்.

அடுத்த சிக்கல் தொழிற்சாலையில் ஆரம்பிக்கிறது. மாதிரி உடையை ஒரே சைஸில்தான் தைத்துப் போட்டுப் பார்ப்பார்கள், பெரும்பாலும் எஸ் அல்லது எம். மற்ற சைஸ்களை அதிலிருந்து இரண்டிரண்டு அங்குலமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். மார்பு பெரிதானால் தோள் எலும்பும் அதே வேகத்தில் அகலமாவதில்லை. துணி வெட்டும் பேட்டர்னில் மட்டும் தோளும், கையை இணைக்கும் துளையான ஆர்ம்ஹோலும் கூடவே ஏறிவிடும். பெரிய சைஸ்களில் மார்பு சரியாக இருந்தும் தோள் கைப்பக்கம் இறங்கித் தொங்குவது இதனால்தான்.

வெட்டும்போதும் பிசகும். துணியைப் பல அடுக்குகளாக விரித்து ஒரே மூச்சில் வெட்டுவார்கள். கத்தி சற்றுச் சாய்ந்தாலும் மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே அளவில் வராது. மார்புச் சுற்றளவில் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் தரச் சோதனையில் விட்டுவிடுவது வழக்கம். அப்படியென்றால் ஒரே ரேக்கில் தொங்கும் இரண்டு எல் குர்திகளுக்கு நடுவே ஓர் அங்குலம்வரை வித்தியாசம் இருக்கலாம். பிடித்த டிசைனில் எல் லேசாகப் பிடித்தால், எக்ஸெல்லுக்குத் தாவும் முன் அதே எல்லில் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள்.

திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய உடைகள் வாங்குபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அங்கே வரும் எண்கள் அங்குலமே இல்லை. ஜெர்மனியில் 38 என்று விற்கும் உடை பிரான்ஸில் 40, இத்தாலியில் 44, பிரிட்டனில் 12, அமெரிக்காவில் 8. லேபிளில் 38 இருக்கிறதே என்று 38 அங்குல மார்புக்கு வாங்கிவிடாதீர்கள்.

உடம்பை அளக்கும் முறை

துணி டேப் நாள்பட்டால் நீண்டுவிடும். முதலில் அதை ஓர் இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். வழக்கமாகப் போடும் பிராவோடு, மேலே மெல்லிய துணி மட்டும் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று அளங்கள். புஷ்-அப் பிராவுக்கும் சாதாரண காட்டன் பிராவுக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் மாறலாம். மூச்சைப் பிடிக்க வேண்டாம், வயிற்றை உள்ளே இழுக்கவும் வேண்டாம்.

மார்பு: நன்றாக எடுப்பாக உள்ள இடத்தில் டேப் சுற்றி வர வேண்டும். முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். பிறகு மேல்மார்பையும் அளங்கள்: டேப்பை அக்குளை ஒட்டி, மார்பு ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலே சுற்ற வேண்டும். இந்த இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 2 அங்குலத்துக்கு உள்ளே என்றால் ரெடிமேட் பெரிதாகத் தொல்லை தராது. 3, 4 அங்குலம் என்றால் மார்புக்கு எடுத்த சைஸ் தோளிலும் கழுத்திலும் பெரிதாகவே வரும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எதை ஆல்டர் செய்ய வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்துவிடும்.

இடுப்பு: பக்கவாட்டில் சாய்ந்தால் மடிப்பு விழும் இடம்தான் இடுப்பு. சேலை கட்டும் இடம் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சீட்: கால்களைச் சேர்த்து நின்று, பின்பக்கம் அதிகமாக உள்ள இடத்தில் அளங்கள். இடுப்பிலிருந்து ஏழிலிருந்து ஒன்பது அங்குலம் கீழே வரும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை அளங்கள். உட்காரும்போது ஓர் அங்குலமோ இரண்டோ கூடும். பேருந்திலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

தோளை முதுகுப் பக்கமாக எலும்பு முனையிலிருந்து எலும்பு முனைவரை அளக்க வேண்டும். மேல்கையை அதன் தடித்த இடத்தில் அளந்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் போனில் எழுதி வைத்துவிடுங்கள். ஓர் அங்குலம் 2.54 செ.மீ.

லூஸ் கணக்கு

உடம்பு அளவுக்கும் துணி அளவுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைத்தான் டெய்லர்கள் லூஸ் என்கிறார்கள். நீளாத காட்டன், ரேயான், லினன் குர்திக்கு மார்பில் 2 முதல் 3 அங்குலம், இடுப்பில் 3, சீட்டில் 3 முதல் 4, மேல்கையில் ஒன்றரை முதல் 2 அங்குலம் வேண்டும். மார்பில் இறுகி, கீழே விரியும் அனார்கலிக்கு மார்பில் ஒன்றரை போதும். சேலை ரவிக்கைக்கு அரையிலிருந்து ஓர் அங்குலம். பனியன் துணி டாப்ஸுக்கு லூஸே வேண்டாம், உடம்பை விட ஓர் அங்குலம் குறைவாக இருந்தாலும் நீண்டு கொடுக்கும்.

ஆக, மார்பு 36, சீட் 40 உள்ளவர் தேட வேண்டியது மார்பில் 38 முதல் 39, சீட்டில் 43 முதல் 44 இருக்கும் காட்டன் குர்தி. லேபிளில் எஸ் இருந்தால் என்ன, எக்ஸெல் இருந்தால் என்ன?

கடையில் குர்தியை அளப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மேசைமேல் சுருக்கமின்றி விரித்து, பட்டன்களைப் போட்டு, அக்குள் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். சீட் அளவை, பக்கவாட்டுப் பிளவான ஸ்லிட் ஆரம்பிக்கும் இடத்தில் எடுங்கள். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு குர்தியை இதே முறையில் அளந்து வைத்திருந்தால் ஒப்பிடுவது இன்னும் சுலபம். அதில் லூஸும் அடங்கியிருப்பதால் தனியாகக் கூட்டவே வேண்டாம். விலை அட்டையையும் பாருங்கள். எஸ், எம் எழுத்தோடு மெட்ரிக் அளவும் போட வேண்டும் என்று இந்திய எடையளவு விதிகள் சொல்கின்றன. 96 செ.மீ. என்றிருந்தால் 37.8 அங்குலம்.

ஆன்லைன் அட்டவணையைப் படிக்கும் விதம்

அதில் இருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று பல தளங்கள் தெளிவாகச் சொல்வதில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 36–30–39 போல ஆறேழு அங்குலம் வித்தியாசம் இருந்தால் அது உடம்பின் அளவு, அதை உங்கள் அளவோடு நேராக ஒப்பிடலாம். 38–35–42 போல இரண்டு மூன்று அங்குலம்தான் என்றால் அது பெரும்பாலும் குர்தியின் அளவு. அங்கே உங்கள் அளவோடு லூஸ் சேர்த்து ஒப்பிட வேண்டும். கை நீளம், குர்தி நீளம் இருக்கும் பட்டியலும் பெரும்பாலும் துணியின் அளவே. மார்பு என்று போட்டு 19, 20 என்றிருந்தால் பயப்பட வேண்டாம். அது பாதிச் சுற்றளவு.

மாடல் படத்தை வைத்து ஃபிட்டிங்கை முடிவு செய்யாதீர்கள், முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கிப் படம் எடுப்பது சாதாரணம். பார்சல் வந்ததும் போட்டுப் பார்க்கும் முன்பே டேப்பால் அளந்துவிடுங்கள். மூன்று அங்குலம் பிசகியிருந்தால் அட்டையைக் கிழிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பலாம்.

‘ஃப்ரீ சைஸ்’ பலாஸோவில் எலாஸ்டிக்கை முழுவதும் இழுத்து அளங்கள். எலாஸ்டிக் எவ்வளவு நீண்டாலும் அது தைக்கப்பட்டுள்ள துணியின் சுற்றளவைத் தாண்டாது. சீட்டைத் தாண்டி ஏறுமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

ட்ரயல் ரூமில்

நேராக நின்று பார்ப்பது போதாது. இரண்டு கையையும் தூக்குங்கள், முன்னால் கட்டிக்கொள்ளுங்கள், உட்காருங்கள். பிறகு சுருக்கங்களைப் பாருங்கள். மார்பிலிருந்து அக்குள் நோக்கிக் குறுக்குக் கோடுகள் இழுத்தால் மார்பில் துணி போதவில்லை. ஸ்லிட் தானாக விரிந்து நின்றால் சீட்டில் போதவில்லை. முன்பக்க விளிம்பு மட்டும் மேலே ஏறி நின்றால் மார்பு நீளத்தைத் தின்றுவிட்டது. அதற்கு ஆல்டரேஷன் கிடையாது, வேறு டிசைன் பாருங்கள்.

பலரையும் ஏமாற்றுவது ஆர்ம்ஹோல். கையைத் தூக்கினால் குர்தி முழுவதும் கூடவே ஏறுகிறது, அக்குளில் இழுக்கிறது. உடனே ‘டைட்’ என்று நினைத்து அடுத்த சைஸ் கேட்கிறோம். உண்மையில் ஆர்ம்ஹோல் மிகவும் கீழே இறங்கியிருக்கிறது. கைத்துணி உடம்புத் துணியோடு அக்குளுக்கு வெகு கீழே சேர்வதால்தான் கை தூக்கும்போது எல்லாம் கூட வருகிறது. பெரிய சைஸில் ஆர்ம்ஹோல் இன்னும் கீழே போகும், தொல்லை கூடும். அக்குளுக்கும் தையலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி. நான்கு விரல் நுழைந்தால் சின்ன சைஸ் போட்டுப் பாருங்கள், அல்லது அதை விட்டுவிடுங்கள்.

எந்த இடத்துக்குப் பொருத்தம் பார்ப்பது?

எல்லா இடமும் சரியாக இருக்கும் ரெடிமேட் அரிது. அதனால் மாற்ற முடியாத இடத்துக்குப் பொருத்தம் பார்த்து எடுங்கள், மற்றதை டெய்லர் பார்த்துக்கொள்வார். குர்தியில் அந்த இடம் தோளும் ஆர்ம்ஹோலும். தோளைக் குறைக்கக் கையைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும். கழுத்திலும் தோளிலும் எம்ப்ராய்டரி இருந்தால் அதுவும் முடியாது. இடுப்பிலும் பக்கங்களிலும் சைடு பிடிப்பது பத்து நிமிட வேலை.

பெரிதாக்க முடியுமா என்பதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தெரியும். சைடு தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டிருந்தால் அரை அங்குலம் தாராளமாகப் பிரிக்கலாம். இரண்டு பக்கத்திலும் முன்துணி, பின்துணி என நான்கு அரை அங்குலம், மொத்தம் இரண்டு அங்குலம் கிடைக்கும். ஓவர்லாக் போட்டு மொட்டையாக வெட்டியிருந்தால் ஒன்றும் கிடைக்காது. பட்டிலும் சாட்டினிலும் பழைய ஊசித் துளை தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜீன்ஸில் கணக்கு வேறு: சீட்டுக்கும் தொடைக்கும் பொருந்துவதை எடுத்து இடுப்பைக் குறைக்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைத்தால் பின் பாக்கெட்டுகள் ஒன்றையொன்று நெருங்கி அசிங்கமாகத் தெரியும். லேபிளில் 30 என்றிருப்பது டேப்பில் 32 காட்டுவதும் உண்டு. காலிடுக்குத் தையலிலிருந்து முன்பட்டன்வரை உள்ள உயரம், அதாவது ரைஸ், மாறினால் ஜீன்ஸ் இடுப்பில் நிற்கும் இடமே மாறும். ஏழெட்டு அங்குலம் என்றால் லோ ரைஸ், ஒன்பது நடுத்தரம், பத்துக்கு மேல் ஹை ரைஸ். பிடித்த ஜீன்ஸின் ரைஸையும் குறித்து வைத்திருந்தால் பாதித் தேடல் குறையும்.

சலவையில் சுருங்குவது

டெய்லரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துக் காய வைத்துவிடுங்கள். காட்டன் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம், ரேயான் அதற்கும் மேலே போகும். 5 சதவீதம் என்றால் 38 அங்குலச் சுற்றளவில் ஏறக்குறைய 2 அங்குலம், 46 அங்குல நீளத்தில் இரண்டேகால். மார்பில் விட்ட லூஸ் முழுவதும் அதிலேயே போய்விடும். அதனால் ரேயானில் இரண்டு சைஸுக்கு நடுவே தடுமாறினால் பெரியதை எடுங்கள், பனியன் துணியில் சிறியதை. நீளத்தைக் குறைக்கச் சொல்வதையும் சலவைக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் நீளவாக்கில்தான் பெரும்பாலும் அதிகம்.