பார்கின்சன் நடைக்குத் தாளம்: வீட்டில் தொடங்குவது எப்படி?

சமையலறை நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் அப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே சாயும், பாதம் நகராது. கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் மோசம். ஆனால் பக்கத்தில் நின்று தொடையில் தட்டி "ஒண்ணு, ரெண்டு" என்றால், மூன்றாவது தட்டில் கால் எழுந்துவிடும்.

அடுத்த அடியை எப்போது வைப்பது என்ற நேரக்கணக்கை மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதி பார்த்துக்கொள்கிறது. பார்கின்சனில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் அந்தக் கணக்கு தடுமாறுகிறது. காதில் விழும் சீரான தட்டு, அந்தக் கணக்கை வெளியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாவுட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் அரை மணி நேரம் வீதம் மூன்று வாரம் தாளத்தோடு நடந்தவர்களின் வேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியது.

சரி, தொடங்குவோம். முதலில் நரம்பியல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி விழுபவர் என்றால் முதல் சில நாட்கள் அவர்கள் முன்னிலையில்தான் பழக வேண்டும்.

1. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மிதியடி, ஒயர் எல்லாவற்றையும் வழியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2. அவர் இயல்பாக நடக்கட்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தாளம் தட்டும் போன் செயலியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அவரை ஓட வைக்காதீர்கள்.

3. போனில் இலவச மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்கும்) செயலி ஒன்றை இறக்கி, அதே எண்ணை வையுங்கள். 92 அடி என்றால் 92 தட்டு.

4. உட்கார்ந்தபடியே தட்டுக்குத் தட்டு பாதத்தைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் எழுந்து நின்று, எடையை இடம் வலமாக மாற்றட்டும். அவசரப்படுத்த வேண்டாம். தாளம் உடம்பில் இறங்க ஒரு நிமிடமாவது ஆகும்.

5. இப்போது நடை. ஒரு தட்டுக்கு ஓர் அடி, குதிகால் முதலில். நீங்கள் அரையடி பின்னால், பக்கவாட்டில் வாருங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், கவனம் சிதறினால் அடி குறுகிவிடும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும்.

6. ஒரு வாரம் வசப்பட்டால் வேகத்தை 5 சதவீதம் கூட்டலாம், பிறகு 10 வரை. கால் உறைந்து நிற்கும் பழக்கம் உள்ளவருக்குக் கூட்டாதீர்கள். அவருக்குச் சற்றுக் குறைவான வேகமே பாதுகாப்பு. வேகம் கூடி அடி சின்னதாகிப் போனால் உடனே பழைய எண்ணுக்குத் திரும்புங்கள்.

கால் உறைந்துவிட்டால்? நிற்கட்டும். மூச்சு விடட்டும். எடையை ஒரு காலுக்கு மாற்றி, தட்டைக் கேட்டு, மற்ற காலை நீளமாக எடுத்து வைக்கட்டும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அகல வளைவாகத் திரும்பச் சொல்லுங்கள்.

தெருவில் இயர்போன் வேண்டாம், வண்டிச் சத்தம் கேட்காது. வெளியே போனால் நீங்களே எண்ணிக் கொடுங்கள்.

ஐரோப்பாவில் 153 பேரை வைத்து வீட்டில் நடத்திய ஆய்வில், மூன்று வாரப் பயிற்சி முடிந்து ஆறு வாரத்துக்குள் பலன் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. அதனால் மூன்று வாரத்தோடு விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை அடிகளை மறுபடி எண்ணி, மெட்ரோனோம் எண்ணை மாற்றி வையுங்கள்.